கண்ணில் படாத கணிப்பொறி



கணிப்பொறி என்ற சொல்லைக் கேட்டதும், ஒரு மேசை, அதன்மேல் ஒரு திரை, திரைக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் என்னும் சித்திரமே நம் மனத்தில் எழுகிறது. உண்மையில் உலகத்திலுள்ள கணிப்பொறிகளுள் மிகச் சிலவே இவ்வாறு மேசைமேல் வீற்றிருக்கின்றன. மற்றவை சட்டைப்பையில் இருக்கின்றன, கைக்கடிகாரத்தில் இருக்கின்றன, மோட்டார் வண்டியின் தடைக்கருவியிலும், மருத்துவமனையில் நோயாளியின் விரல் நுனியில் மாட்டும் சிறு கவ்வியோடு இணைந்த கருவியிலும் இருக்கின்றன. இவற்றை நாம் கணிப்பொறி என்று அழைப்பதில்லை, அழைக்காமலே பயன்படுத்துகிறோம். இவற்றைப் பற்றிய படிப்புக்கு ஆங்கிலத்தில் 'மொபைல் கம்ப்யூட்டிங்' என்றும் 'பெர்வேசிவ் கம்ப்யூட்டிங்' என்றும் இரட்டைப் பெயர் வழங்குகிறது. முன்னதை நடமாடும் கணிப்பு என்றும், பின்னதை எங்கும் பரந்த கணிப்பு என்றும் நாம் சொல்லலாம். பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் பெற்றவர்கள் மேற்கொண்டு முதுநிலையிலும் ஆராய்ச்சி நிலையிலும் பயிலும் பாடம் இது. இதை எடுத்துப் படிப்பவர் எதைக் கற்கிறார், எந்தக் கேள்வியோடு போராடுகிறார் என்பதைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இத்துறைக்கு வித்திட்டவர்களுள் மார்க் வைசர் என்பவரை முதலில் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பாலோ ஆல்டோ நகரில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றியவர் அவர். 1991 செப்டம்பரில் 'சயன்டிபிக் அமெரிக்கன்' என்ற பத்திரிகையில், இருபத்தொன்றாம் நூற்றாண்டின் கணிப்பொறி எப்படி இருக்கும் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இப்பாடத்தைத் தொடங்கும் மாணவர் கையில் முதலில் கொடுக்கத் தகுந்த ஏடு அதுதான். அதன் கருத்து எளியது. எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் நடந்து செல்லும்போது பெயர்ப்பலகைகளையும் விலைச் சீட்டுகளையும் படித்துக்கொண்டே போகிறோம். 'நான் இப்போது படிக்கிறேன்' என்ற நினைவே நமக்கு எழுவதில்லை. எழுத்து அவ்வளவு தூரம் வாழ்க்கையில் கரைந்துவிட்டது. கணிப்பொறியும் அவ்வாறு கரைந்து, கவனத்தைக் கவராமல் பணி செய்ய வேண்டும் என்றார் வைசர். வெறும் கனவு காண்பதோடு அவர் நிற்கவில்லை. அங்குல அளவில் ஒன்று, அடி அளவில் ஒன்று, கஜ அளவில் ஒன்று என மூன்று வகைப் பொறிகளை அவருடைய குழுவினர் செய்தே பார்த்தார்கள். ஓர் அறையில் அங்குலப் பொறிகள் நூற்றுக்கு மேலும், அடிப் பொறிகள் பத்து இருபதும், கஜப் பொறிகள் ஒன்றிரண்டும் இருக்கும் என்பது அவர் கணக்கு. 1999-இல், தம் 46-ஆம் வயதில் அவர் காலமானார். இன்றைய கைப்பேசிகளைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

எங்கும் பரந்த கணிப்புக்கு முதற்படி நடமாடும் கணிப்பு. மேசைமேல் இருக்கும் கணிப்பொறி செல்வர் வீட்டுப் பிள்ளையைப் போன்றது. சுவரிலிருந்து மின்சாரம் வற்றாமல் வருகிறது. கம்பிவழித் தொடர்பு எளிதில் அறுவதில்லை. இருக்கும் இடமும் மாறுவதில்லை. கையில் எடுத்துச் செல்லும் பொறிக்கோ இம்மூன்று செல்வங்களும் இல்லை. மின்கலம் தீர்ந்துபோகும், காற்றுவழித் தொடர்பு எதிர்பாராத இடத்தில் அறுந்துபோகும், இருப்பிடம் கணந்தோறும் மாறும். காலப்போக்கில் உயர்ந்த பொறிகள் வந்துவிட்டால் இக்குறைகள் தாமே தீர்ந்துவிடும் என்று மாணவர் பலர் எண்ணுகிறார்கள். தீரமாட்டா. நாளைய கைப்பேசி இன்றைய மேசைப் பொறியை வெல்லலாம். நாளைய மேசைப் பொறியை வெல்வது அரிது. எடையும் பருமனும் சூடும் கைப்பொறியை என்றைக்கும் கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே, இல்லாமையை வைத்துக் குடித்தனம் நடத்தும் கலையே இப்பாடத்தின் பெரும்பகுதி எனலாம்.

தொடர்பு அறுந்துபோவதை முதலில் பார்ப்போம். பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1987-இல் 'கோடா' என்ற ஆராய்ச்சி தொடங்கியது. அதன் தலைவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துப் பட்டம் பெற்றபின் அமெரிக்கா சென்றவர் இவர். அப்பல்கலைக்கழகத்தில் எல்லாருடைய கோப்புகளும் சில தலைமைப் பொறிகளில் வைக்கப்பட்டிருந்தன. தலைமைப் பொறியோடு தொடர்பு இருக்கும்வரை எல்லாம் நலம். தொடர்பு அறுந்தால் கையில் இருப்பது வெறும் பெட்டி. இதற்குச் சத்தியநாராயணனும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் கிஸ்லரும் கண்ட வழி நம் பாட்டிமார் அறிந்த வழிதான். நெடுந்தூரப் பயணம் புறப்படும்போது கட்டுச்சோறு கட்டிக்கொள்கிறோம் அல்லவா? தொடர்பு இருக்கும்போதே, இன்ன இன்ன கோப்புகள் இவருக்குத் தேவைப்படும் என்று ஊகித்து, அவற்றின் படிகளைக் கைப்பொறி தன்னிடம் சேர்த்து வைத்துக்கொள்ளும். தொடர்பு அறுந்தபின் அப்படிகளைக் கொண்டே வேலை நடக்கும். செய்த மாறுதல்கள் அனைத்தையும் வரிசையாகக் குறித்துவைத்திருந்து, தொடர்பு மீண்டதும் தலைமைப் பொறியிடம் கணக்கு ஒப்புவிக்கும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், ஒரே கோப்பை நீங்கள் ரயிலில் இருந்தபடி திருத்துகிறீர்கள். உங்கள் நண்பர் அலுவலகத்தில் இருந்தபடி வேறு விதமாகத் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாருடைய திருத்தம் நிற்பது? ஒருவர் எடுத்துச் சென்ற கோப்பைப் பிறர் தொடாதபடி பூட்டிவிடலாம் என்பது ஒரு வழி. அப்படிச் செய்தால், போனவர் திரும்பும்வரை மற்றவர் கைகட்டிக் காத்திருக்க நேரும். யார் வேண்டுமானாலும் திருத்தட்டும், மோதல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது மற்றொரு வழி. எது தக்கது? இதை வாதம் செய்து முடிவுகட்ட இயலாது. அவர்கள் வாதம் செய்யவில்லை, அளந்து பார்த்தார்கள். தங்கள் பல்கலைக்கழகத்தில் பலரும் பயன்படுத்திவந்த கோப்புகளில் ஓராண்டுக் காலம் நிகழ்ந்த மாறுதல்களை ஆராய்ந்தார்கள். 100 மாறுதல்களில் 99-க்கு மேற்பட்டவற்றை, அதே கோப்பை முன்பு எழுதியவரே செய்திருந்தார். ஒரு நாள் இடைவெளிக்குள் வெவ்வேறு மனிதர் இருவர் ஒரே கோப்பைத் திருத்துவது 100-க்கு ஒன்று என்ற அளவைக்கூட எட்டவில்லை. பூட்டு வேண்டுவதில்லை என்பது உறுதியாயிற்று. இந்த முறை கிஸ்லரின் டாக்டர் பட்ட ஆய்வேடாக 1993-இல் நிறைவு பெற்றது. இளநிலையில் படிப்பவர் பூட்டு எவ்வாறு இயங்குகிறது என்று கற்கிறார். முதுநிலையில் படிப்பவர் பூட்டு வேண்டுமா என்று கேட்கக் கற்கிறார்.

இனிக் காற்றைப் பற்றி. காற்றுவழிச் செய்தி அனுப்பும் பொறிகளுக்கு வெளி பொதுச்சொத்து. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் விளங்காது. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் என்பவர், தீவுகளுக்கிடையே கணிப்பொறிச் செய்தியை ரேடியோ அலை மூலம் அனுப்பும் 'அலோகா' அமைப்பை இயக்கினார். அதில் நினைத்தபோது பேசலாம். மோதினால் சிறிது பொறுத்து மீண்டும் பேசலாம். இந்தக் கட்டற்ற முறையில் அலைவழியின் ஆற்றலில் 100-க்கு 18 பங்குக்குச் சற்று மேல்தான் பயன்படும் என்று கணிதம் காட்டியது. எல்லாரும் ஒரே தாளத்துக்குத் தொடங்க வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் சேர்த்ததும் அது ஏறத்தாழ 37 ஆக, அதாவது இருமடங்காக உயர்ந்தது. நிகழ்தகவுக் கணிதத்தை வெறுக்கும் மாணவர் இப்பாடத்தின் பக்கம் வராமலிருப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

மின்கலத்தின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கிரேட் டக் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. பெட்ரல் என்னும் கடற்பறவைகள் அங்கே மண்ணுக்குள் வளை தோண்டிக் கூடு கட்டி வாழ்கின்றன. மனிதர் அடிக்கடி சென்று பார்த்தால் அவை கூட்டைக் கைவிடவும் கூடும். எனவே 2002-இல், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தாரும் இன்டெல் ஆராய்ச்சிக்கூடத்தாரும் உயிரியல் அறிஞர்களோடு சேர்ந்து 32 சிறு உணர்கருவிகளை அத்தீவில் வைத்தார்கள். வெப்பம், ஈரம், வெளிச்சம் முதலியவற்றை அளந்து, ரேடியோ அலை மூலம் ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் சிறு கணிப்பொறிகள் அவை. மின்கலத்தை மாற்றாமலே ஒன்பது மாத காலம் அவை உழைக்க வேண்டும் என்பது குறிக்கோள்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். மின்கலத்தில் 2500 மில்லியாம்பியர்-மணி மின்சாரம் இருப்பதாகக் கொள்வோம். கருவி விழித்திருக்கும்போது 20 மில்லியாம்பியர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவிடாமல் விழித்திருந்தால் 125 மணி நேரத்தில், அதாவது ஐந்தே நாளில், மின்கலம் தீர்ந்துவிடும். ஒன்பது மாதம் என்பது ஏறத்தாழ 6500 மணி நேரம். 2500-ஐ 6500-ஆல் வகுத்தால் ஒரு மில்லியாம்பியரில் பாதிகூட வரவில்லை. எனவே அக்கருவி தன் வாழ்நாளில் 100-க்கு 2 பங்கு நேரமே விழித்திருக்கலாம். எஞ்சிய நேரமெல்லாம் உறங்க வேண்டும். அடுத்த கருவியும் அவ்வாறே உறங்கும். உறங்குகின்ற ஒருவர் உறங்குகின்ற மற்றொருவருக்குச் செய்தி சொல்வது எப்படி? இருவரும் ஒரே நேரத்தில் கண்விழிக்க வேண்டும். அதற்கு இருவர் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். மலிவான கடிகாரங்களோ வெயிலில் ஒரு விதமாகவும் குளிரில் ஒரு விதமாகவும் ஓடும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்த முடிச்சு வந்து நிற்கிறது. இத்துறை ஆராய்ச்சி மாணவர்களுக்கு வேலை இல்லாமற்போகும் என்ற அச்சம் வேண்டுவதில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2004 ஜனவரியில் கென்யா நாட்டுக் காட்டில் வரிக்குதிரைகளின் கழுத்தில் இத்தகைய கருவிகளைப் பட்டையாகக் கட்டினார்கள். இரண்டு வரிக்குதிரைகள் நெருங்கி வரும்போது, கழுத்துப் பட்டைகள் தம்முள் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். ஆராய்ச்சியாளர் எல்லா விலங்குகளையும் தேடி அலைய வேண்டியதில்லை. சிலவற்றை அணுகினாலே பலவற்றின் பயணக் குறிப்பு கிடைத்துவிடும். கணிப்பொறி விஞ்ஞானம் கற்க வந்தவர்கள் காட்டுக்குப் போனார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இப்பாடத்தைப் பயிலும் முறையும் இதனால் மாறுபடுகிறது. ஒரே ஒரு பாடநூலை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட முடியாது. கணிப்பொறி இயக்கமுறை, வலையமைப்பு, நிகழ்தகவு ஆகியவற்றில் அடிப்படை அறிவு இருக்க வேண்டும். பற்றாசு வைக்கும் கோலைக் கையில் பிடிக்க அஞ்சாமலும் இருக்க வேண்டும். வாரந்தோறும் மூல ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து, இதை எழுதியவர் எதை அளந்தார், எதை அளக்காமல் விட்டார் என்று வகுப்பில் விவாதிக்கிறார்கள். பின்பு நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கைப்பேசிக்குப் புதிய செயலி ஒன்று எழுதிவிட்டு, அதுவே ஆராய்ச்சி என்று கருதும் வழக்கம் பல இடங்களிலும் பெருகியிருக்கிறது. செயலி எழுதுவது கைத்திறன். அதைக் கொண்டு, இதுவரை தெரியாத ஒன்றை அளந்து அறிவதே ஆராய்ச்சி. மேலும், மனிதர் வாழ்க்கையினுள் பொறியைப் புகுத்துவோர் மனிதரையும் கூர்ந்து நோக்க வேண்டும். வைசர் பணியாற்றிய கூடத்தில் லூசி சக்மன் போன்ற மானிடவியல் அறிஞர்களும் இருந்தார்கள் என்பது தற்செயல் அன்று.

இனி, நான் முக்கியமாகக் கருதும் பகுதிக்கு வருகிறேன். நடமாடும் பொறி தான் எங்கே இருக்கிறது என்பதை எப்படி அறிவது? திறந்த வெளியில் செயற்கைக் கோள்கள் உதவுகின்றன. கட்டடத்துக்குள் அவற்றின் அலைகள் நலிந்துவிடுகின்றன. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தில் ராய் வான்ட், ஆண்டி ஹாப்பர் முதலியோர் இதற்கு ஒரு வழி கண்டு, 1992-இல் விரிவாக வெளியிட்டார்கள். ஊழியர் ஒவ்வொருவரும் சட்டையில் ஒரு சின்னம் அணிந்துகொள்வார். 15 நொடிக்கு ஒருமுறை, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் தன் எண்ணைச் சொல்லும். அகச்சிவப்புக் கதிர் சுவரை ஊடுருவாது. ஆகவே எந்த அறையில் உள்ள கருவி அந்த எண்ணை வாங்கியதோ, அந்த அறையில்தான் அவர் இருக்கிறார். அறைக் கருவிகள் எல்லாம் தலைமைப் பொறியிடம் சொல்ல, அங்கே ஒரு பட்டியல் உருவாகும். வரவேற்பாளர் அப்பட்டியலைப் பார்த்து, தொலைபேசி அழைப்பை அவர் இருக்கும் அறைக்கே அனுப்புவார். மிக்க வசதி. ஆனால், இன்னார் எந்நேரம் எந்த அறையில் இருந்தார் என்பது முழுவதும் நடுவில் ஓரிடத்தில் தெரிந்துவிடுகிறது.

எட்டு ஆண்டு கழித்து, 2000-இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'கிரிக்கெட்' என்ற வேறோர் அமைப்பு தோன்றியது. ஆட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆங்கிலத்தில் சிள்வண்டினத்துப் பூச்சிக்கு அந்தப் பெயர். அதைப் படைத்தவர்களுள் ஒருவர் ஹரி பாலகிருஷ்ணன்; இவரும் சென்னை ஐ.ஐ.டி. மாணவரே. இதன் தத்துவம் உங்களுக்குத் தெரிந்தது. மின்னல் முதலில் தெரிகிறது, இடி பிறகு கேட்கிறது. இடைப்பட்ட நொடிகளை எண்ணி, இடி எவ்வளவு தொலைவில் விழுந்தது என்று சொல்கிறோம். கிரிக்கெட் அமைப்பில், அறையின் கூரையில் உள்ள சிறு கருவி ரேடியோ அலையையும், மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியையும் ஒரே நேரத்தில் அனுப்பும். ரேடியோ அலை கண நேரத்தில் வந்துவிடும். ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். 3 மீட்டர் கடக்க அதற்கு ஆயிரத்தில் ஒன்பது பங்கு நொடி ஆகும். உங்கள் கையிலுள்ள பொறி இந்த இடைவெளியை அளந்து, கூரைக் கருவி எத்தனை தொலைவு என்று கணித்துக்கொள்ளும்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் அமைப்பில் மனிதரின் சின்னம் பேசுகிறது, கட்டடம் கேட்கிறது. கிரிக்கெட் அமைப்பில் கட்டடம் பேசுகிறது, மனிதரின் பொறி கேட்கிறது. இரண்டு அமைப்பும் இருப்பிடத்தைச் சொல்கின்றன. ஆயினும் முதலாவதில் அதைக் கட்டடம் அறிகிறது. இரண்டாவதில் நீங்கள் அறிகிறீர்கள், விரும்பினால் மட்டும் பிறருக்குச் சொல்கிறீர்கள். நல்ல எண்ணத்தாலோ சட்டத்தாலோ மட்டும் வந்த வேறுபாடு அன்று இது. அலை எந்தத் திசையில் போக வேண்டும் என்று வரைபடம் போட்டவர் எடுத்த முடிவால் வந்தது.

இதை வகுப்பறை விவாதம் என்று ஒதுக்கியவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு விடை கொண்டுவந்தது. கொரோனா நோய் பரவியபோது, நோயாளியின் அருகில் இருந்தவர்களைக் கைப்பேசிகளின் உதவியால் கண்டறிய உலகெங்கும் முயன்றார்கள். சிங்கப்பூர் அரசு மார்ச் மாதத்தில் 'டிரேஸ் டுகெதர்' என்ற செயலியை வெளியிட்டது. அருகருகே இருக்கும் கைப்பேசிகள் புளூடூத் அலையால் மாறிமாறி வரும் அடையாள எண்களைப் பரிமாறி, தம்மிடமே குறித்துவைக்கும். ஒருவருக்கு நோய் கண்டால் அவருடைய குறிப்புகள் சுகாதார அமைச்சகத்துக்குப் போகும். அந்த எண்கள் யாருடையவை என்பதை அமைச்சகம் அறியும். ஆப்பிளும் கூகிளும் ஏப்ரலில் அறிவித்த முறையில் பொருத்திப் பார்க்கும் வேலை கைப்பேசிக்குள்ளேயே நடக்கும். நோயுற்றவரின் எண்களுக்குரிய திறவுகோல்கள் மட்டும் பொதுவில் வெளியிடப்படும். ஒவ்வொரு கைப்பேசியும் அவற்றை வாங்கி, 'இவற்றுள் எதையேனும் நான் சந்தித்தேனா?' என்று தானே பார்த்துக்கொள்ளும். யார் யாரைச் சந்தித்தார் என்ற பட்டியல் ஓரிடத்திலும் இராது. அதற்கும் ஒரு விலை உண்டு: நோய் எந்த வழியில் பரவுகிறது என்பதை அந்த அமைப்பிலிருந்து சுகாதார அதிகாரிகளால் வரைந்துபார்க்க முடியாது. நோய் தடுப்பவருக்கு அது சிறிய இழப்பு அன்று.

சிங்கப்பூரில் திரட்டும் குறிப்புகள் நோய்த் தொடர்பைக் கண்டறிய மட்டுமே பயன்படும் என்று முன்னர்ச் சொல்லப்பட்டிருந்தது. 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகக் காவல் துறையும் அவற்றைப் பெறச் சட்டம் இடம் தருகிறது என்று நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. மக்களிடையே மனக்குறை எழுந்தது. அடுத்த மாதமே, கொலை முதலிய கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டும் அதை வரையறுத்து ஒரு சட்டம் நிறைவேறியது. ஓரிடத்தில் ஒரு பட்டியல் திரளக்கூடும் என்றால், அதைக் கேட்டு ஒருவர் வருவார் என்பதை முன்கூட்டி எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் வரைபடம் போடும் மேசையே. சட்டம் பின்னால் வந்து வேலி கட்டலாம். அலையின் திசையை மாற்ற அதனால் இயலாது.

இப்பாடத்தை எடுக்க நினைக்கும் மாணவருக்கு ஒரு சிறு கணக்கைக் கொடுத்து விடைபெறுகிறேன். உங்கள் ஊரில் 300 பேருந்துகள் ஓடுகின்றன என்று கொள்ளுங்கள். அடுத்த பேருந்து எப்போது வரும் என்று கைப்பேசி சொல்ல வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்தைக் கைப்பேசி தலைமைப் பொறிக்கு அனுப்பி விடையைப் பெறலாம். அல்லது, 300 பேருந்துகளின் இருப்பிடத்தையும் தலைமைப் பொறி எல்லாருக்கும் ஒருசேரத் தர, உமக்குரிய பேருந்தைக் கைப்பேசியே தேர்ந்துகொள்ளலாம். முதல் வழியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பிறர் அறிவர். இரண்டாம் வழியில் அறியார். ஒரு பேருந்தின் இருப்பிடத்தைச் சொல்ல 20 பைட்டு போதும் என்றால், 300 பேருந்துகளுக்கு 6000 பைட்டு ஆகும். அதை 10 நொடிக்கு ஒருமுறை வாங்கினால் மின்கலம் எவ்வளவு குறையும்? ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை வாங்கினால்? பேருந்து வர இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்று முன்பே தெரிந்திருந்தால், அதுவரை கைப்பேசியை உறங்கவிடலாமா? தாளும் பென்சிலும் எடுத்து, உங்கள் கைப்பேசி மின்கலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்.